'ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?' என்ற கட்டம் யாருடையது

தங்கவேலு மேடையில் நின்று பொய் சொன்னார். ஒன்றல்ல, இரண்டு பொய்.

சென்ற மாதம் கோவையில் ஒரு கல்லூரி அரங்கில் அவர் பேசிய வீடியோவை, என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் எனக்கு அனுப்பினார்கள். "மேடம், நம்ம ஆஸ்பத்திரியப் பத்தித்தான் பேசறாரு, பாருங்க" என்று. பார்த்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் தகவல் கட்டமைப்பைத் திறந்தமூல முறையில் உருவாக்கிய சிற்பி என்று அறிமுகம் செய்தார்கள். அவர் திரையில் ஒரு படிவத்தைக் காட்டினார். பெயர், வயது, ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஊருக்கு அடுத்ததாக ஒரு கட்டம்: 'ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?' அதைச் சுட்டிக்காட்டி, "உலகத்துல எந்த ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்லயும் இந்தக் கட்டம் இல்லீங்க. இது நான் நம்ம கொங்கு மண்ணுல இருந்து எடுத்ததுங்க" என்றார். அரங்கம் கைதட்டியது. அது முதல் பொய். "ஆரம்பத்துல ரெக்கார்டு செக்‌ஷன்ல ஒரு ஆபரேட்டர் பண்ணுன தப்புனால ரெண்டு நோயாளிக ரெக்கார்டு ஒண்ணாகிப் போச்சுங்க. அதுல இருந்து கத்துக்கிட்டதுதான் இது" என்றார். அது இரண்டாவது.

நான் அந்த ரெக்கார்டு செக்‌ஷனின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நம் மருத்துவமனை ஊழியர் சங்க மலருக்கு வேலைக்கால அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். இப்போது எழுதுகிறேன். பொறாமையில்தான் எழுதுகிறேன். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை.

நானும் தங்கவேலுவும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். நான் மதுக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்திருந்தார். இரண்டு பேரும் இளநிலை உதவியாளர்கள். வயதில் அவரைவிட நான் நாலு மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்தை வைத்து முதல் நாளிலிருந்து என்னை 'அக்கா' என்று கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, டீ சொல்லட்டுங்களா?" என்பார். மரியாதையாகப் பேசியே ஆளை ஓரத்தில் உட்காரவைக்கத் தெரிந்தவர்.

என்னை ரெக்கார்டு செக்‌ஷனில் போட்டார்கள். கேஸ் ஷீட்டுகளைத் தேதிவாரியாகக் கட்டிப் பரணில் ஏற்றுவதும், யாராவது கேட்டால் இறக்கித் தேடுவதும் வேலை. தூசியில் வந்த இருமல் இன்னும் போகவில்லை. தங்கவேலு சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, அந்தப் பிரிவுக்கு மாறிப்போனார். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்று அந்த அறைக்கு ஏ.சி. வந்தது. எங்களுக்கு ஒரு மேஜை விசிறி. அந்த ஏ.சி.யைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

பல வருடம் கழித்து, மருத்துவமனை முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் வேலை தொடங்கியது. காசு கொடுத்து ஒரு கம்பெனியிடம் வாங்காமல், திறந்தமூல மென்பொருளை எடுத்து நமக்கேற்ப மாற்றிக்கொள்வது என்று முடிவானது. அதாவது, அதன் உள்கட்டு எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆனால் யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது பெயரோடு பதிவாகும். அந்தப் பதிவேட்டை அழிக்காமல் வைப்பது அந்த முறையின் மரியாதை.

இந்த வேலைக்குத் தலைமை எங்கள் ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலர், டாக்டர் விசாலாட்சி. தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்றபடியே கோப்பு படிப்பார். கையில் பேனா இருக்காது, பென்சில்தான். சத்தம் போடமாட்டார். பிடிக்காத காகிதத்தில் ஒரே ஒரு கேள்வியைப் பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்புவார். தங்கவேலு முதலில் வரைந்து கொடுத்த திட்டத்தில் எலும்புப் பிரிவு, குழந்தைப் பிரிவு, கண் பிரிவு என்று மருத்துவமனையின் துறைகள் வரிசையாக இருந்தன. அதன் ஓரத்தில் அவர் எழுதிய கேள்வி: 'இதில் தேடப்போகிறவர் யார்?'

அந்தக் காகிதத்தைத் தங்கவேலு என்னிடம் கொண்டுவந்தார். "ஏனுங்கக்கா, இதுக்கு என்னங்க பதில் எழுதறது? தேடறது கம்ப்யூட்டர்தானுங்களே?"

"உங்க கம்ப்யூட்டர் வந்து எங்கிட்ட ஏ.ஆர். காப்பி கேக்குமா?" என்றேன். ஏ.ஆர். காப்பி என்பது விபத்துப் பதிவின் நகல். இன்ஷூரன்ஸுக்கு, கேஸுக்கு என்று தினமும் ஜனங்கள் வந்து நிற்பது அதற்குத்தான்.

மறுநாள் ஆர்.எம்.ஓ. முன்னால் போய் நின்று, தேடுகிறவர் யார் என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார். மூன்று வாரம் விசாரணைக் கவுண்டருக்குள் நின்றேன். உட்காரவில்லை. வந்தவர் கேட்டதை, கேட்ட வார்த்தையிலேயே, பழைய ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் எழுதினேன். ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு.

ஒருவர்கூடத் துறையின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. "கால் ஒடஞ்சவீகளப் போடற வார்டு எங்கீங்க?" "எங்கூட்டுக்காரருக்குப் போன தடவ எடுத்த படம் இருக்குதுங்களா?" "புள்ள பொறந்ததுக்கு இங்கியே சர்டிபிகேட் தருவீங்களா, இல்ல கார்ப்பரேசனுக்குப் போவோணுமா?" இப்படித்தான் கேட்டார்கள்.

மருத்துவமனையில் சும்மா கிடந்த பழைய நர்சிங் வகுப்பறைத் தரையில் அத்தனை சீட்டுகளையும் பரப்பினேன். வார்டு நர்சுகள், மருந்துக் கவுண்டர் ஆட்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று ஐந்தைந்து பேராக அழைத்து, எது எதோடு சேரும் என்று அவர்களையே அடுக்கச் சொன்னேன். நான் வாயைத் திறக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் பிறப்புச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் வேறு வேறு மூலையில் வைத்தார். "ரெண்டும் ஒரே ஜன்னல்ல குடுக்கறாங்க மேடம், பாவமுங்க. ஒருத்தி சிரிச்சுட்டு நிப்பா, பின்னாடி ஒருத்தி அழுதுட்டு நிப்பா" என்றார். இரண்டையும் பிரித்தோம். தகவல் கட்டமைப்பு என்பது இவ்வளவுதான். எந்தக் காகிதம் எங்கே, எந்தப் பெயரில் இருக்க வேண்டும், தேடி வருகிறவர் எந்த வழியாக அதை எட்டுவார் என்று தீர்மானிப்பது. அதை நாங்கள் தரையில் குத்தவைத்துச் செய்தோம். தங்கவேலு வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கட்டமும் கவுண்டரில்தான் கிடைத்தது. ஒரு பெரியவர் வந்தார். பெயர் கேட்டேன், சுப்பிரமணி என்றார். செங்காட்டுப்பாளையம் என்றார். கவுண்டரில் அப்போது இருந்த பழைய கம்ப்யூட்டர் பட்டியலில் அந்த ஊரில் ஏழு சுப்பிரமணி. நான் விழிப்பதைப் பார்த்து, வரிசையில் பின்னால் நின்ற அம்மா ஒருவர், "அவீக எந்தத் தோட்டம்னு கேளுங் கண்ணு" என்றார். கேட்டேன். "கரட்டுத் தோட்டமுங்க. கரட்டுத் தோட்டத்துச் சுப்பிரமணின்னாத்தான் ஊருக்குள்ள தெரியும்" என்றார். ஏழில் ஒரு விலாசத்தில் மட்டும் அந்தத் தோட்டத்தின் பெயர் இருந்தது, ஒரு நிமிடத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தத்தம் மூத்த மகனுக்கு அதே பெயரை வைப்பார்கள். அப்பாவின் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, எழுதுகிறவர்களும் இனிஷியலோடு விட்டுவிடுவார்கள். தோட்டத்தின் பெயரை வைத்துத்தான் ஊர் ஆளைப் பிரித்துச் சொல்கிறது. எனவே 'ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?' என்று ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆர்.எம்.ஓ. படித்துவிட்டு, "இது எங்க ஊருல இல்லையே கற்பகம்" என்றார். விளக்கினேன். பென்சிலால் ஒரு டிக் போட்டார். அந்த டிக்கைப் போல இன்னொரு சந்தோஷம் எனக்கு வேலையில் கிடைத்ததில்லை.

ஒரு மாதம் கழித்துத் திட்ட அறிக்கை அச்சாகி வந்தது. அட்டையில் தரையில் பரப்பிய என் சீட்டுகளின் படம். அடியில், 'வடிவமைப்பு: தங்கவேலு.' உள்ளே நன்றிப் பகுதியில் 'ரெக்கார்டு செக்‌ஷன் ஊழியர்கள்' என்று ஒரு வரி. என் பெயர் எங்கும் இல்லை. மென்பொருளின் பதிவேட்டிலும் இருக்காது. நான் காகிதத்தில் எழுதினேன், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பதிவேட்டுக்கு ஏற்றியவரைத்தான் தெரியும்.

போய்க் கேட்டேன். "அதுக்கென்னுங்கக்கா, நம்ம ரெண்டு பேருக்குள்ள என்னுங்க இருக்குது. உங்குளுக்கு இந்தப் பேரு, புகழெல்லாம் புடிக்காதுன்னுதான் போடுலீங்க" என்றார். எனக்கு எது பிடிக்காது என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மென்பொருள் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஆர்.எம்.ஓ. அறையில் கூட்டம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவு இருக்கும் அல்லவா? அப்படிச் சந்தேகப்படும் பதிவுகள் ஒரு நீளப் பட்டியலாக நின்றன. அவற்றை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்பது நான் எழுதிக் கொடுத்த விதி. தங்கவேலு சொன்னார்: "ஆள் வெச்சுப் பாத்தா ஆறு மாசம் ஆகுமுங்க மேடம். தொறப்பு விழாவுக்கு மினிஸ்டர் வாராரு. பேரு, ஊரு, இனிஷியல், போன் நம்பர் ஒத்துப்போச்சுன்னா மிஷினே சேத்துப்போடும். அதே மாதிரி அந்த 'ஊரில் எப்படி' கட்டத்தையும் எடுத்துப்போடலாமுங்க. எந்த ஸ்டாண்டர்டுலயும் அது இல்லீங்க."

ஆர்.எம்.ஓ. என் பக்கம் திரும்பினார். "கற்பகம், அந்தக் கட்டத்த நீங்கதான கேட்டீங்க? எடுத்திரலாமா?"

கூடாது என்று எனக்குத் தெரியும். என்ன நடக்கும் என்றும் தெரியும். ஒரு சுப்பிரமணி இன்னொரு சுப்பிரமணியோடு சேர்ந்துவிடுவார். கவுண்டரில் சத்தம் வரும், ஆர்.எம்.ஓ. பென்சிலால் கேள்வி எழுதுவார், தங்கவேலு எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்பார். அதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

"எடுத்துக்கலாமுங்க மேடம். அவருக்குத் தெரியாததுங்களா?" என்றேன்.

தங்கவேலு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கவுண்டரில் சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். விஷயம் வார்டுக்குள் போய் விழுந்தது. செங்காட்டுப்பாளையம் ரா. பழனிசாமி, காலில் டிராக்டர் ஏறி ஆபரேஷனுக்காகச் சேர்ந்தார். பதிவில் அவர் சர்க்கரை நோயாளி என்றும், தினமும் இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் இருந்தது. ட்யூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர் அதைப் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். மாத்திரை கொடுத்தார்கள். ஆபரேஷனுக்காக ஆகாரம் நிறுத்தியிருந்த வயிறு. அவர் மனைவி நர்சிடம் சொல்லியிருக்கிறார், "அம்மணி, இவருக்குச் சக்கரையே கெடையாதுங்க."

"கம்ப்யூட்டர்ல இருக்குதுங்கம்மா. உங்களுக்குத் தெரியாம எங்காச்சும் காட்டியிருப்பாரு" என்று பதில் வந்திருக்கிறது.

சர்க்கரை இறங்கி அவருக்கு நினைவு தப்பியது. வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு போன் வந்து ஓடினேன். கதவுக்கு வெளியே அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க எந்தத் தோட்டம்?" என்றேன்.

"பள்ளத் தோட்டமுங்க."

"உங்க ஊருல இன்னொரு பழனிசாமி இருக்காருங்களா?"

"இருக்காருங்க, எங்க மேட்டுத் தோட்டத்துப் பங்காளி. அவருக்குத்தானுங்க சக்கரை. இங்கதான் மாசாமாசம் மாத்தர வாங்குவாரு." பிறகு, "ரெண்டூட்டுக்கும் ஒரே போன் நம்பருதானுங்க. பெருந்துறையில வேலை பாக்கறானே எங்க பையன், அவன்தான் ரெண்டூட்டுக்கும் எல்லாம் பாத்துக்கறான்" என்றார்.

பள்ளத் தோட்டத்துக்காரரின் அப்பா ராமசாமி, மேட்டுத் தோட்டத்துக்காரரின் அப்பா ரங்கசாமி. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ரா. இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா, அவர் பெயர் பழனிசாமி. இரண்டு பதிவுகளையும் மிஷின் சேர்த்துவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கால் ஆபரேஷன் தள்ளிப்போய், எலும்பு கோணலாகக் கூடி, இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார்.

விசாரணை நடந்தது. தங்கவேலு கொடுத்த அறிக்கையின் ஓரத்தில் ஆர்.எம்.ஓ. எழுதினார்: 'சேர்த்தது யார்?' மிஷின் சேர்த்த ஒவ்வொன்றும், அந்த நேரத்தில் கவுண்டர் கம்ப்யூட்டரில் யார் உள்நுழைந்திருந்தாரோ அவர் பெயரில் விழும்படி இருந்தது. அங்கே இருந்தவள் ஜெயந்தி, ஒப்பந்த ஊழியர், டேட்டா என்ட்ரி செய்கிறவள். மிஷின் காட்டியதைச் சரிபார்க்காமல் சேர்த்தவள் இவள்தான் என்று தங்கவேலு அந்தப் பெயரைக் காட்டினார். மிஷினே சேர்க்கட்டும் என்று விதியை மாற்றியவர் யார் என்பது மென்பொருளின் பதிவேட்டில் அவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. திறக்கச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னால், அந்தக் கூட்டத்தில் நான் என்ன சொன்னேன் என்பதும் வெளியே வரும். பேசாமல் இருந்தேன். ஜெயந்தியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

ஆர்.எம்.ஓ. ஓய்வு பெற்றுப் போகும் நாளில் என்னைக் கூப்பிட்டு, "கற்பகம், அன்னைக்கு நீங்க வேற என்னமோ சொல்ல வந்தீங்கள்ல?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விபத்து நடந்த வாரத்திலேயே தங்கவேலு அந்தக் கட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டார். ஆள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்ற விதியையும் வைத்தார். அதன்பிறகுதான் மென்பொருளை எல்லோருக்குமாகத் திறந்து வெளியிட்டார். அப்படி வெளியிட்டபோது பதிவேடு அன்றிலிருந்துதான் தொடங்கும்படி செய்தார். பழைய பக்கங்கள் அவரிடம் மட்டும். இப்போது மற்ற மாவட்ட மருத்துவமனைகளும் இதை எடுத்து ஓட்டுகின்றன. அவர் ஆலோசகர். நான் மதுக்கரையில் மாத்திரை டப்பாவும் டி.வி.யுமாக இருக்கிறேன். அந்தக் கைதட்டல் வரும் இடத்தை மட்டும் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று என் மகளுக்குத் தெரியும். திட்டினாள்.

ஜெயந்தி ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். இதை எழுதுவதற்கு முன் அவளுக்கு போன் செய்தேன்.

"வீடியோவ நானும் பாத்தேனுங்க மேடம். கூட வேலை பாக்கற புள்ள காமிச்சா, நீ இருந்த ஆஸ்பத்திரிதானக்கான்னு. அவரு எம் பேரச் சொல்லுலீங்களே" என்றாள்.

"பேரு சொல்லலீன்னா? கவுண்டர்ல இருந்தது யாருன்னு அத்தன பேருக்கும் தெரியும்."

"தெரியுமுங்க. எங்கூட்டுக்காரர்கிட்ட நானா வேலைய விட்டுப்போட்டேன்னுதான் சொல்லியிருக்கறேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தானுங்க." பிறகு, கோபமே இல்லாமல், "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதுமுங்க மேடம்" என்றாள்.

எழுதப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதறதுன்னா எம் பேரப் போட்டே எழுதுங்க. நான் எதையும் சேக்குலீன்னு எழுதுங்க. எங்கூட்டுக்காரர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

எழுதிவிட்டேன். ஜெயந்தி எதையும் சேர்க்கவில்லை. ஜெயந்திக்காக மட்டும் எழுதுகிறேன் என்று நான் சொன்னால், இந்தக் கட்டுரையில் அது மூன்றாவது பொய் ஆகும். அந்தக் கைதட்டல் என் கட்டத்துக்கு விழுந்தது என்பதால்தான் பேனாவை எடுத்தேன். அவளுடைய நியாயம் என் பொறாமையின் பின்னால் ஒட்டிக்கொண்டு இத்தனை தாமதமாக வருகிறது. அதற்காக அது நியாயமில்லாமல் போய்விடாது. என் பங்கு எது என்று மேலே எழுதிவிட்டேன். இதற்காக என் ஓய்வூதியத்தில் கைவைப்பார்கள் என்றால் வைக்கட்டும்.

தங்கவேலு, இந்த மலர் உங்கள் வீட்டுக்கும் வரும். வழக்கம்போல போன் செய்து 'ஏனுங்கக்கா' என்று ஆரம்பிக்காதீர்கள், எடுக்கமாட்டேன். வீட்டுக்குப் பழக்கூடையோடு வராதீர்கள். அந்தப் பழைய பதிவேட்டை, விபத்துக்கு முந்தைய பக்கங்களோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கட்டத்தை எடுத்தவர் யார், மிஷினே சேர்க்கட்டும் என்று விதியை மாற்றியவர் யார், அந்த வரிகளில் இருக்கும் பெயர் ஜெயந்தியா தங்கவேலுவா? நீங்கள் பொன்னாடை வாங்கிய அதே அரங்கில், மைக்கைப் பிடித்து, பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.